வீடு கிடைக்கவில்லை என்றாவது சொல்லுங்கள்

எங்கள் கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், வீடு ஒதுக்கும் பிரிவில் வேலை செய்கிற எல்லோருக்கும்,

வணக்கம். உங்களுக்கு நான் இங்கிலீஷில் எழுதிய ஈமெயில்கள் பதினாறு என் போனில் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்த நிமிடமே பதில் வந்தது. 'உங்கள் ஈமெயில் கிடைத்தது, பத்து வேலைநாட்களுக்குள் தொடர்புகொள்வோம்' என்று கணினி தானாக அனுப்புகிற பதில். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பதினேழாவதை என் மொழியில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். வியாழக்கிழமை தோறும் போனும் கையுமாக, கவுன்சில் வாடகைக்கு விடுகிற வீடு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற தமிழ்ச் சனம் இந்த லண்டனில் நிறைய இருக்கிறது. அவர்களும் வாசிக்கட்டும். உங்களுக்குள் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும்.

முதலே சொல்லிவிடுகிறேன், இது வீடு கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை. வீடு இல்லை என்பது எனக்குத் தெரியும். 2024 மார்ச் கணக்குப்படி இங்கிலாந்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற குடும்பங்கள் 13 இலட்சத்துக்கும் மேல், லண்டனில் மட்டும் 3 இலட்சத்து 36 ஆயிரம். 1980இல் சட்டம் கொண்டுவந்து, குடியிருந்தவர்களுக்கே கழிவு விலையில் விற்கத் தொடங்கிய கவுன்சில் வீடுகள் இன்றுவரை ஏறத்தாழ 20 இலட்சம். விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. அது நீங்கள் விட்ட பிழை இல்லை, உங்கள் மேசையில் இருக்கிற பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள். என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் ஹோட்டல் அறைகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் கொடுங்கள், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நான் கேட்பது பதில். உங்கள் இணையத்தளத்தில் வருகிற ஒரு வீட்டை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு பிட் பண்ணினோம் என்றால், கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி.

மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை காலையில் உங்கள் இணையத்தளத்தில் மூன்று அறை வீடு ஒன்று வந்தது. இரண்டாம் மாடி, சின்னதாக ஒரு பல்கனி. நான் பிட் பண்ணும்போது இரண்டாவது இடம் என்று காட்டியது, சனிக்கிழமை ஆறாவது, ஞாயிறு இரவு மூடும்போது நாலாவது. அந்த இலக்கம் ஏன் ஏறி இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். நாட்பட நாட்பட எங்களைவிட அவசரமானவர்கள் பிட் பண்ணுவார்கள், சிலர் தங்கள் பிட்டை எடுத்து வேறு வீட்டில் போடுவார்கள். நாலாவது என்றால் கிடைக்காது என்றும் இல்லை. மேலே இருக்கிற மூன்று பேரில் ஒருவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார், ஒருவருடைய பத்திரங்கள் சரிவராது, ஒருவர் வேறு வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருப்பார். அதனால் நாலாவது என்றவுடன் எங்கள் வீட்டில் யாருக்கும் நித்திரை வரவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறிப் போய் அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தோம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், சும்மா பார்க்கத்தான் போனோம். பல்கனியில் யாரோ விட்டுப்போன சிவப்புப் பூச்சாடி ஒன்று இருந்தது, உள்ளே காய்ந்த மண். யன்னல்களில் சீலை இல்லை, வெறும் சுவர் தெரிந்தது. மகன் எட்டு வயது, அவன் கீழே நின்றுகொண்டு அந்த ஓர யன்னல் தன்னுடையது என்று அக்காவோடு சண்டை பிடித்தான். அந்தச் சாடிக்குள் கறிவேப்பிலை வருமா, குளிருக்குத் தாங்காதே, உள்ளே எடுத்து வைக்கலாமா என்று நான் யோசித்தேன். கணவர் பஸ் தரிப்பிடத்திலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் போய்ப் பார்த்தது எங்கள் பிழை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பிட் பண்ணுகிற எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள், நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை. என்னுடைய கணக்கைத் திறந்தால் அந்த வீட்டுக்கு நேரே 'பட்டியல் தயாராகிறது' என்று ஒரே வரி. காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் பார்ப்பேன், பராமரிப்பு இல்லத்தில் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன், இரவு பிள்ளைகள் படுத்த பிறகும் பார்ப்பேன். உங்கள் விதிப்படி வீடு பார்க்க வரச்சொல்லி அழைப்பு வந்தால் ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம், போகாவிட்டால் வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு, அதற்கு மேலே எங்கள் கணக்கைச் சில மாதம் நிறுத்தியும் வைக்கலாம். சரி, ஒரு வீட்டை வெறுமையாக விட்டுவைக்க முடியாது, அந்த விதி எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஏழு கிழமைக்குள்தான் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சை. பத்து நாள் லீவு எடுத்து வைத்திருந்தேன். ரிக்கெற் போடப் போகிற அன்று கணவர் கேட்டார், நீ அங்கே நிற்கும்போது அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று. விண்ணப்பம் என்னுடைய பெயரில், அடையாள அட்டையோடு நான்தான் வரவேண்டும். போகவில்லை. தங்கச்சிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் கட்டோடு அம்மா வீடியோவில் வந்து, 'வீடு கிடைச்சால் பிறகு வா பிள்ளை, நான் எங்கை போகப்போறன்' என்றார்.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் வீதி வேலை என்று பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள், அது அந்தக் கட்டடத்துக்கு முன்னால் போனது. மகள்தான் முதலில் கண்டாள். இரண்டாம் மாடியில் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. பல்கனியில் சின்னப்பிள்ளையின் ஸ்கூட்டர். அந்தச் சிவப்புச் சாடியில் ஏதோ நட்டிருந்தார்கள், பச்சையாகத் தெரிந்தது. அன்று இரவும் உங்கள் இணையத்தளத்தில் 'பட்டியல் தயாராகிறது' என்றுதான் இருந்தது.

அடுத்த நாள் தொலைபேசியில் ஐம்பது நிமிடம் காத்திருந்து உங்களில் ஒருவரோடு பேசினேன். நல்ல பிள்ளை, பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். அந்த வீடு இரண்டாவது கிழமையே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம், அடுத்த திங்கட்கிழமையே அவர்களுடைய வாடகை ஒப்பந்தமும் தொடங்கிவிட்டதாம், கணினியில்தான் இன்னும் மாற்றவில்லையாம். கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் அறிவிப்போம், கிடைக்காதவர்களுக்குத் தனியாக அறிவிக்கிற வழக்கம் இல்லை என்றார். நான் அவரோடு கோபப்படவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். அம்மாவின் சத்திரசிகிச்சை நாலாவது கிழமை. அந்த நேரம் என்னுடைய பதில் உங்களிடம் இரண்டு கிழமையாகக் கிடந்திருக்கிறது.

வீடு கிடைக்காத கவலையைவிட இதுதான் என்னை வாட்டுகிறது. வீடு போனது போகட்டும்.

பிட் என்ற சொல்லை எங்கள் ஆட்களுக்கு விளக்கும்போது ஏலம் கேட்பதுபோல என்றுதான் சொல்வேன், காசு மட்டும் இல்லை, காசுக்குப் பதில் எங்கள் கஷ்டம். ஊரில் எங்கள் பிள்ளையார் கோயிலில் திருவிழா முடிய மாம்பழம் ஏலம் போகும். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று ஐயர் வீட்டுப் பெடியன் கத்துவான், மூன்றாந்தரத்தோடு ஆருக்கு என்று ஊருக்கே தெரிந்துவிடும், கிடைக்காதவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் ஏலத்தில் ஒருதரம் இருக்கிறது, இரண்டுதரம் இருக்கிறது, மூன்றாந்தரம் எங்கள் காதில் விழுவதே இல்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். முந்தி அதிகாரிகளே யாருக்கு எந்த வீடு என்று தீர்மானித்து ஒன்றைக் கொடுப்பார்கள், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் வெற்று வீடுகளை விளம்பரம் போட்டு, வேண்டியவர்கள் தாங்களே கேட்கிற முறையைத் தொடங்கினார்கள், அதைப் பார்த்து இங்கிலாந்தும் 2001இல் சில இடங்களில் பரீட்சித்துப் பிறகு நாடு முழுக்கப் பரப்பியது. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கமாக இருந்தது. விளம்பரம் மட்டும் வெளிச்சத்தில் இருந்து முடிவு இருட்டில் கிடந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களுக்கு எந்த பாண்ட், அதாவது தேவையின் அவசரத்தைப் பார்த்து நீங்கள் பிரித்து வைக்கிற எந்தப் படி, வரிசையில் எந்தத் தேதி என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. கோழிப்பொரியல் கடைக்கு மேலே ஒரு அறையும் ஒரு ஹோலும், மாதம் 1,550 பவுண் வாடகை. அறையில் நானும் மகளும், ஹோலில் கணவரும் மகனும். கணவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார், லீவு நாட்களில் பிள்ளைகள் குசினிக்குள்ளே இருந்து ரீவியைச் சத்தமில்லாமல் போனில் பார்ப்பார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, பெரிய பிள்ளையாகிவிட்டாள், உடுப்பு மாற்றக் குளியலறைக்குத்தான் போகவேண்டும், அங்கே கதவுக்கு மேலே பூஞ்சணம். துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும்.

மகன் பிறந்து ஒரு வருடத்தில், 2018இல் பதிந்தோம். 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில், ஒரு வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதன் அடிப்படை 1935இல் எழுதியது. அதில் ஹோலும் படுக்கிற அறைதான். இரண்டு அறைக்கு மூன்று பேர். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை கணக்கிலேயே இல்லை, ஒன்றிலிருந்து பத்து வயது வரை அரை ஆள். ஆக நாங்கள் இரண்டு பேர், இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்று, மூன்று பேர் சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் நெருக்கடி இல்லை என்று சட்டம் சொன்னது. 2023இல் மகளுக்குப் பத்து வயது முடிய நாங்கள் மூன்றரைப் பேர் ஆனோம். அதற்குப் பிறகுதான் மேல் பாண்ட் கிடைத்தது. ஆனால் உங்கள் விதிப்படி பாண்ட் மாறினால் வரிசைத் தேதியும் மாறும், அதனால் 2018இலிருந்து நின்ற ஐந்து வருடம் போய், 2023இல் வந்தவர்களாக வரிசையின் அடியில் நிற்கிறோம். இதையும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீதியில் இருக்கிற ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் பேசாமல் இருக்கிற இடத்தில் வேறு ஆட்கள் பேசுகிறார்கள், அதைத்தான் நீங்கள் முக்கியமாக யோசிக்கவேண்டும். கோயிலில் போய்க் கேட்டால் சோமாலிக்காரருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பார்கள். என்னோடு வேலை செய்கிற சோமாலியப் பெண், ஆசியர்களுக்குத்தான் கிடைக்கிறது என்று அவர்கள் ஆட்கள் சொல்வதாகச் சொன்னாள், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் தரிப்பிடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், நேற்று வள்ளத்தில் வந்து இறங்கினவர்களுக்குச் சாவியைக் கொடுக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தே சொன்னார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்கள் கவுன்சில் வீட்டுக்குப் பதியவே முடியாது, அவர்களை உள்துறை அமைச்சு வேறாக வைத்திருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? உள்ளுக்கு ஆள் இருந்தால் கிடைக்கும் என்று சொல்லி 500 பவுண் கேட்ட ஒருவரையும் நான் கண்டிருக்கிறேன். கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் இருப்பார்கள். 'இந்த வீட்டுக்கு 143 பேர் கேட்டார்கள், இன்ன பாண்டில் இன்ன தேதியில் பதிந்த குடும்பத்துக்குக் கொடுத்தோம்' என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு யார் காசு கொடுக்கப் போகிறார்கள்? பெயர் வேண்டாம், நாடு வேண்டாம், பாண்டும் தேதியும் போதும். பல கவுன்சில்கள் இதைக் கிழமைக்குக் கிழமை போடுகின்றன, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

எங்கள் வீதியில் ஒரு ஐயா இருக்கிறார், எழுபது தாண்டியவர், மனைவி இல்லை, ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறார். இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும், போன் பிடிக்கத் தெரியாது. அவருக்கும் நான்தான் வியாழக்கிழமைகளில் பிட் பண்ணிக் கொடுப்பேன், முதியவர்களுக்கான கட்டடங்களில் ஒரு அறை வீடு. கறுப்பு நிறக் குறிப்புப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார், தேதி, வீதி, எத்தனையாவது இடம் என்று பச்சைப் பேனையால் எழுதுவார். கடைசி நிரலுக்கு 'முடிவு' என்று தலைப்புப் போட்டிருந்தார். முப்பத்தொரு பிட், அந்த நிரலில் ஒரு எழுத்தும் இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை அவருடைய கணக்கு திறக்கவில்லை. வருடாவருடம் புதுப்பிக்கச் சொல்லி ஈமெயில் அனுப்பினீர்களாம், அது கனடாவுக்குப் போய்விட்ட மகனுடைய பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. பதில் இல்லை என்று பெயரை எடுத்துவிட்டீர்கள். திரும்பப் பதிந்து கொடுத்திருக்கிறேன், தேதி புதுத்தேதிதான். கேட்டபோது, 'பரவாயில்லைப் பிள்ளை, அவைக்கும் எத்தினை வேலை' என்றார். எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது. நாங்கள் பதில் எழுதாவிட்டால் பெயரை எடுக்கிறீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் நாங்கள் எதை எடுப்பது?

சட்டமும் இதைச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், 166ஏ பிரிவு, ஒன்பதாவது உட்பிரிவு. எங்கள் விண்ணப்பத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள், எங்களுக்கு ஏற்ற வீடு கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு காலம் எடுக்கும் என்று மதிப்பிடுவதற்கு வேண்டிய விபரங்களைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் நிலைமை பற்றிய விபரங்களில் எடுத்த முடிவைக் கேட்கவும், அதை மீளாய்வு செய்யச் சொல்லவும் உரிமை இருக்கிறது. இதை வாசிக்கிற தமிழ் ஆட்கள் இந்தப் பிரிவின் இலக்கத்தை எங்காவது குறித்து வையுங்கள், ஈமெயில் எழுதும்போது முதல் வரியிலேயே போடுங்கள். நான் பதினாறு எழுதிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு ஆட்கள் போதாது என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கடிதம் எழுதச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் கையெழுத்து வைத்தவுடன், கேட்ட மற்ற எல்லோருடைய திரையிலும் அந்த வரி அன்றைக்கே மாறவேண்டும், கிடைத்தவருக்கு அனுப்புகிற கணினிதான் மற்றவர்களுக்கும் அனுப்பப் போகிறது. அப்புறம் மூன்று அறை வீடு போன வருடம் மொத்தம் எத்தனை கொடுத்தீர்கள், எங்கள் பாண்டில் கிடைத்தவர்கள் எத்தனை வருடம் நின்றவர்கள் என்பதை ஒளிக்காமல் போடுங்கள். பன்னிரண்டு வருடம் என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள். மகளுக்கு அப்போது இருபத்துநாலு வயது, சரி, அதற்குத் தகுந்தபடி நாங்கள் யோசிப்போம், லண்டனை விட்டுப் போகவேண்டும் என்றால் இப்போதே, மகன் பெரிய பள்ளிக்கூடம் தொடங்க முன்னமே போய்விடலாம். ஐந்து வருடமா பதினைந்து வருடமா என்று தெரியாமல் ஒரு குடும்பம் எந்த முடிவையும் எடுக்கமுடியாது. கட்டில் வாங்குவதா என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை, மகன் இன்னும் மடிக்கிற மெத்தையில்தான் படுக்கிறான்.

நேற்று வியாழக்கிழமை. காலை ஒரு மூன்று அறை வீடு வந்தது, பிட் பண்ணியிருக்கிறேன், இப்போது ஏழாவது இடம். இந்த முறை போய்ப் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவும் இல்லை. ஞாயிறு நள்ளிரவு மூடும். அம்மாவின் மற்றக் கண்ணுக்குக் கார்த்திகை இருபதாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள், இந்த மாதம் முடிவதற்குள் ரிக்கெற் போட்டால்தான் எங்களுக்குக் கட்டும். அந்த வீட்டை யாருக்குக் கொடுக்கிறீர்களோ கொடுங்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். கொடுத்த அன்றைக்கே எனக்கு 'இல்லை' என்று ஒரு வரி போடுங்கள். இங்கிலீஷில் போட்டாலும் எனக்கு விளங்கும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் 2018இலிருந்து இருக்கிற ஒரு தாய்
லண்டன்